மூன்று நிமிடங்களில் என் நொடிகள் எங்கே போயின

2025 ஏப்ரல் 30. நான் கணக்காளராக வேலை செய்யும் நிறுவனம் முதல் காலாண்டுக்கான பொருள், சேவை வரி அறிக்கையை அனுப்ப வேண்டிய கடைசி நாள். முந்தைய இரவு நான் படுத்தபோது மணி மூன்றேகால். அதுவரை கணினி முன் உட்கார்ந்து, ஓர் ஆட்டம் முழுவதற்கும் ஒருவருக்கு மூன்றே நிமிடம் தரும் மூன்று நிமிட செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குள் என் ஆட்டத்திறனை அளக்கும் ரேட்டிங் எண்ணில் 80 புள்ளிகள் போய்விட்டன. அவற்றை மீட்காமல் எழுந்திருப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். எழுந்தபோது இன்னும் 60 புள்ளிகள் குறைந்திருந்தன. காலையில் எரியும் கண்களோடு அலுவலகம் போய், ஒரே பில்லை இரண்டு முறை பதிந்த அறிக்கையை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டதால் அறிக்கை சரியாகவே போனது. ஆனால் பதினொரு ஆண்டுகளில் முதல் முறையாக என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஆண்டு போனஸில் அதன் விளைவு தெரிந்தது. அன்று ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. அப்போதும் கையில் கைபேசி இருந்தது, அதில் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

வேகமான ஆட்டத்தில் தேற வேண்டும் என்று ஒன்பது மாதங்கள் நான் தனியாக முட்டி மோதியிருக்கிறேன். இணையத்தில் ஆயிரம் ஆலோசனைகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொடக்க ஆட்டத்தை, அதாவது முதல் சில நகர்வுகளின் எந்த வரிசையை, கற்க வேண்டும் என்றுதான் பேசின. என் நோய் வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆயிரத்துக்கு மேல் சிங்கப்பூர் வெள்ளியும் (டாலரும்), முந்நூறு மணி நேரத்துக்கு மேல் தூக்கமும் செலவாயின. இதே பாதையில் இப்போது இறங்கியிருக்கும் யாருக்காவது அந்தச் செலவு மிச்சமாகட்டும் என்றே எழுதுகிறேன்.

செஸ் எனக்கு அப்பா கற்றுக்கொடுத்தது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டங்கள் பதித்த கல்மேசை ஒன்று இருந்தது. துறைமுக வேலை முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, காய்ப்பெட்டியோடு அப்பா கீழே இறங்குவார். எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து மேசையில் சீன முதியவர்கள் தங்கள் சதுரங்கத்தை ஆடுவார்கள். வட்டுக் காய்களை மேசையில் அறைந்து வைக்கும் சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும். நாங்கள் கடிகாரம் வைத்து ஆடியதே இல்லை. ஓர் ஆட்டம் இரவுச் சாப்பாடு வரை போகும், சில நாள் மறுநாளும் தொடரும். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு காய்ப்பெட்டி அலமாரியின் மேல் ஏறிவிட்டது, இருபது ஆண்டுகள் இறங்கவில்லை.

அதை இறக்கியது 2024 நவம்பர். உலக சாம்பியன் போட்டி இங்கே செந்தோசாத் தீவுக்கே வந்தது. சென்னைப் பையன் குகேஷ், பதினெட்டு வயது, அப்போதைய உலக சாம்பியன், சீனாவின் டிங் லிரனுக்கு எதிரே. அப்பாவை ஒரு நாள் அழைத்துப் போனேன். ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்ததை அப்பா கோயிலில் நிற்பதுபோல் நின்று பார்த்தார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சித் திரையில் பார்த்தோம். டிரா ஆகிவிடும், மறுநாள் வேக ஆட்டங்களில்தான் முடிவு தெரியும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேக ஆட்டத்துக்குப் போனால் குகேஷுக்குக் கஷ்டம் என்பதும் பரவலான பேச்சாக இருந்தது. 55ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் மாறின, மந்திரிகள் மாறின, மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் மட்டும். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். மூன்றே நகர்வில் எல்லாம் முடிந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அன்றிரவே இணையத்தில் ஒரு கணக்குத் திறந்தேன்.

நான் திறந்தது லிசெஸ் தளத்தில். அது முழுக்க இலவசம். புதிதாக வருகிறவர்களுக்கு 1500 என்ற எண்ணோடு தொடங்கும். முதல் நூறு ஆட்டங்களில் ஏறி இறங்கி, பிப்ரவரியில் 1,640ஐத் தொட்டேன். கல்மேசையில் நாற்பது நிமிடத்தில் கிடைத்த மகிழ்ச்சியை ஒவ்வொரு வெற்றியும் நான்கு நிமிடத்தில் கொடுத்தது. பிறகு சரிவு. மார்ச்சில் 1,560, மே மாதத்தில் 1,470, ஆகஸ்ட் இறுதியில் 1,390. ஆடிய ஆட்டங்கள் ஏறத்தாழ 4,100. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துப் பார்த்தால் 340 மணி நேரம், அதாவது நாற்பத்திரண்டு வேலை நாட்கள். கணக்குப் பார்த்துப் பிழைப்பவள் நான். இந்தக் கணக்கை மட்டும் ஒன்பது மாதங்கள் பார்க்காமல் இருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். சரிவு தொடங்கியதும் நான் முதலில் செய்தது செலவழிப்பது. தொடக்க ஆட்டங்கள் பற்றிய மூன்று காணொளிப் பாடங்களுக்கு 236 வெள்ளி. அவற்றில் ஒன்றைப் பாதிவரை பார்த்தேன், மற்ற இரண்டையும் திறக்கவே இல்லை. வேறொரு பயிற்சித் தளத்தின் ஆண்டுச் சந்தா, இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் தானாகக் கடன் அட்டையில் 178 வெள்ளி எடுத்துக்கொண்டது. சோதனைக் காலம் என்று எதில் சேர்ந்தாலும் சேர்ந்த அன்றே ரத்துசெய்யும் பக்கத்தைத் தேடிப் பாருங்கள், அல்லது முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாக நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விளையாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் மவுஸ் என்று 119 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். அதோடு இணையம் வழியாகப் பாடம் நடத்தும் ஒரு பயிற்சியாளருக்குப் பத்து வகுப்புகளுக்கான 700 வெள்ளியை முன்பணமாகக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வகுப்பிலும் என்னோடு நான்கு ஆட்டம் ஆடினார், ஜெயித்தார், ஆறே நகர்வில் எதிராளியை வீழ்த்தும் பொறி என்று ஒன்றைக் காட்டினார். நான் தோற்ற ஆட்டங்களை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஆறாவது வகுப்போடு நிறுத்தினேன். மீதிப் பணம் திரும்பவில்லை. ஆக மொத்தம் 1,233 வெள்ளி.

பயிற்சியாளரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கிடைத்தால் அது பெரிய வரம். ஆனால் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுங்கள். அந்த வகுப்புக்கு நீங்கள் தோற்ற ஐந்து ஆட்டங்களை முன்னதாக அனுப்பி, கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றைத் திறந்து பார்க்காமலே உங்களோடு ஆடத் தொடங்கினால் அடுத்த வகுப்பு வேண்டாம்.

எனக்கு வழி திறந்தது செப்டம்பர் முதல் வாரத்தில். தங்கை பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்திருந்தாள். சின்னவன் என் மடியில் ஏற வந்தபோது, ஆட்டம் போகிறது என்று அவனைக் கையால் தள்ளினேன். லேசாகத்தான் தள்ளினேன். ஆனால் அவன் முகம் சுருங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். தங்கை ஒன்றும் பேசாமல் அவனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்றிரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கணக்கை மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூடுவதற்கு முன்னால் இத்தனை நாள் என்னதான் நடந்தது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அலுவலகத்தில் ஓர் இழப்பை இப்படிக் காரணம் தெரியாமல் மூட விடமாட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கடைசியாகத் தோற்ற நூறு ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். புதிய ஆட்டம் எதுவும் ஆடாமல், தினமும் ஏழெட்டு வீதம் இரண்டு வாரம் இதையே செய்தேன்.

பத்திகள் போட்டுக்கொண்டேன். எத்தனை மணிக்கு ஆடியது, கைபேசியிலா கணினியிலா, தோல்விக்குக் காரணம் என்ன, பத்தாவது, இருபதாவது, முப்பதாவது நகர்வில் என் கடிகாரத்தில் எவ்வளவு மீதி இருந்தது. லிசெஸில் ஆட்டத்தை ஆராயும் பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை நொடி செலவானது என்று ஒரு வரைபடமே இருக்கிறது. ஒன்பது மாதங்கள் அது என் கண்ணெதிரே இருந்தும் நான் அதை அழுத்தியதில்லை.

நூறில் 38 தோல்விகள் நேரம் தீர்ந்ததால் வந்தவை. அவற்றில் 21 ஆட்டங்களில் நான்தான் முன்னிலையில் இருந்தேன். 34 தோல்விகளில் காயை ஒரே நகர்வில் சும்மா கொடுத்திருந்தேன். எதிராளி விரித்த தொடக்கப் பொறியில் விழுந்தவை 13. மிச்சம் 15 ஆட்டங்களில் மட்டும்தான் எதிராளி உண்மையிலேயே என்னைவிட நன்றாக ஆடியிருந்தார். நான் 236 வெள்ளியும் பயிற்சியாளருக்கு 700 வெள்ளியும் கொடுத்தது அந்த 13 ஆட்டங்களுக்காக. நேரம் தீர்ந்த 38, காயைக் கவனிக்காத 34 என்று நேரமும் கண்ணும் சம்பந்தப்பட்ட 72க்கு, அந்தப் பெரிய பங்குக்கு, ஒரு காசோ ஒரு மணி நேரமோ நான் செலவிடவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடிகாரப் பத்தி இன்னும் தெளிவாகப் பேசியது. மூன்று நிமிட ஆட்டத்தில், சராசரியாக, பத்தாவது நகர்வு முடியும்போது என்னிடம் மீதி இருந்தது ஒரு நிமிடம் 58 நொடி. இருபதாவது நகர்வில் 51 நொடி, முப்பதாவதில் 9. அப்படியானால் முதல் பத்து நகர்வுக்கே 62 நொடி கொடுத்திருக்கிறேன், அதுவும் நான் நூறு முறை ஆடிப் பழகிய தொடக்கத்துக்கு. எங்கே நின்றேன் என்று நகர்வு நகர்வாகப் பார்த்தபோது ஒரே மாதிரி இடங்கள் திரும்பத் திரும்ப வந்தன. எந்த யானையை நடுவுக்குக் கொண்டுவருவது, ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளலாமா வேண்டாமா. இரண்டில் எதை ஆடியிருந்தாலும் ஆட்டம் கெட்டிருக்காது. அங்கே 15 நொடி, 20 நொடி நின்றிருக்கிறேன். எதிராளி எதிர்பாராத ஒரு காயை நகர்த்திய இடங்களில், காய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இடங்களில், ஒரே நொடியில் பதில் வைத்திருக்கிறேன். காயைச் சும்மா கொடுத்த 34இல் 26 நகர்வுகள் இரண்டு நொடிக்குள் வைத்தவை. நான் மெதுவாக ஆடுகிறவள் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். மெதுவாக இருக்கக் கூடாத இடத்தில் மெதுவாகவும், நிற்க வேண்டிய இடத்தில் அவசரமாகவும் இருந்திருக்கிறேன்.

இதிலிருந்து எனக்கென்று ஒரு வரவுசெலவுத் திட்டம் போட்டேன். பத்தாவது நகர்வில் இரண்டரை நிமிடம் மீதி இருக்க வேண்டும். இரண்டு அமைதியான நகர்வுகளுக்கு இடையில் தயக்கம் வந்தால் முதலில் தோன்றியதை வைத்துவிட வேண்டும். ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை, அதிகம் போனால் மூன்று முறை, பத்து நொடிக்கு மேல் யோசிக்க உரிமை உண்டு. அது காய்களை மாற்றிக்கொள்ளும் முன், செக் வரும்போது, அல்லது எதிராளி என்னைத் திகைக்க வைக்கும்போது மட்டும். முதல் வாரம் இது கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. தோற்றுக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் நேரம் தீர்ந்து தோற்பது அந்த வாரமே பாதியாகக் குறைந்தது.

அடுத்து ஆட்டத்தின் வகையை மாற்றினேன். வேகமாக ஆட விரும்புகிறவர்கள் எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். கூடுதல் நொடி இல்லாத மூன்று நிமிடத்தை விட்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு நொடி சேரும் மூன்று நிமிடத்துக்கு வாருங்கள். நாற்பது நகர்வு போகும் ஆட்டத்தில் 80 நொடி கூடுதலாகக் கிடைக்கிறது, ஏறத்தாழ முதல் நேரத்தில் பாதி. இப்படி நொடி சேரும் கடிகாரத்துக்கு 1988இல் காப்புரிமை கோரியவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். 1992இல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதை வைத்துத்தான் ஆடினார். உலக பிளிட்ஸ் (அதிவேக செஸ்) சாம்பியன் போட்டியே மூன்று நிமிடமும் இரண்டு நொடியும் என்ற அளவில்தான் நடக்கிறது. நொடி சேராத ஆட்டத்தில் கடைசிப் பத்து நொடியில் நடப்பது வேறொரு விளையாட்டு. அங்கே செஸ் தெரிந்தவரைவிட விரல் வேகமானவர் ஜெயிக்கிறார். அது பிடித்தவர்கள் ஆடட்டும். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அது இடமில்லை.

கைபேசியை விட்டது இன்னொரு மாற்றம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை தினமும் ரயிலில் ஆடிக்கொண்டு போவேன். பீஷான் தாண்டிச் சுரங்கத்துக்குள் போகும்போது இணைப்பு ஒரு கணம் தடுமாறும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் யாராவது இடித்தால் விரல் பக்கத்துக் கட்டத்தில் விழும். நோட்டில் பார்த்தால் காயைச் சும்மா கொடுத்த 34இல் 19 கைபேசியில் நடந்தவை. இப்போது ரயிலில் புதிர்கள் மட்டும், அதுவும் கடிகாரம் இல்லாதவை. ஆட்டம் என்றால் வீட்டு மேசையில், கணினியில். 119 வெள்ளி மவுஸைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். பழைய சாதாரண மவுஸே போதுமானதாக இருக்கிறது.

கண்ணைப் பழக்குவதற்கு அப்பாவின் உதவி கேட்டேன். இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் ஒன்பது மாதமாக என் அறைக்கதவின் கீழே விடியும்வரை வெளிச்சம் தெரிந்ததை அவர் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்டதில்லை. 48 வெள்ளிக்கு ஒரு செஸ் கடிகாரம் வாங்கினேன். மொத்தச் செலவில் பலன் கொடுத்தது அது ஒன்றுதான். ஞாயிறு மாலையில் கல்மேசைக்கு இறங்கினோம். விதி ஒன்று வைத்தோம். அவர் காயை வைத்ததும், அது எதைத் தாக்குகிறது, எதைக் காவலின்றி விட்டுவந்திருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகே காயைத் தொட வேண்டும். சொல்லாமல் கை நீட்டினால், "பாப்பா, நான் என்ன வைத்தேன்?" என்று கேட்பார். முதல் நாள் பதினாறு முறை கேட்டார். கடிகாரம் ஓடினாலும் சொல்லியாக வேண்டும். ஆறேழு வாரத்தில் வாய் நின்று, அந்தப் பார்வை மட்டும் தங்கிவிட்டது. அதற்கு ஒரு நொடி, ஒன்றரை நொடிதான் ஆகிறது. வீட்டில் ஆள் இல்லாதவர்கள் கணினி முன் தனியாக உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டும் இதைச் செய்யலாம்.

புதிர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் புதிய புதிர்கள் நூறு போட்டுக்கொண்டிருந்தேன், எதுவும் மனத்தில் நிற்கவில்லை. இப்போது இருநூறு புதிர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். எளியவைதான்: குதிரை இரண்டு காய்களை ஒன்றாகத் தாக்குவது, கடைசி வரிசையில் ராஜா தப்ப வழியில்லாமல் வீழும் மேட், ராஜாவுக்கு முன்னால் அசைய முடியாமல் மாட்டிக்கொண்ட காய். அதே இருநூறைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். முதல் சுற்றுக்கு ஐந்து மாலைகள் ஆயின. ஆறாவது சுற்றை ஒரே மாலையில் முடித்தேன். வேக ஆட்டத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் கிடையாது. ஏற்கெனவே தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பதுபோல் காண வேண்டும்.

இறுதி ஆட்டத்தில் நான் தொலைத்த வெற்றிகள்தான் மிகவும் கசந்தவை. ராணியும் ராஜாவும் கையில், எதிரே ராஜா மட்டும், கடிகாரத்தில் 12 நொடி. பதற்றத்தில் எதிராளிக்கு நகர இடமில்லாமல் செய்து டிரா ஆக்கியிருக்கிறேன், நான்கு முறை. ராணியோடு எங்கிருந்து தொடங்கினாலும் பத்து நகர்வுக்குள் மேட் செய்துவிட முடியும். யானையோடு பதினாறு நகர்வு. இரண்டையும் கணினிக்கு எதிராக, 20 நொடி வைத்துக்கொண்டு, தினமும் மூன்று முறை என்று ஒரு மாதம் பழகினேன். இப்போது கை தானாகப் போகிறது. அதன் பிறகு ராஜாவும் சிப்பாயும் மட்டும் நிற்கும் நிலைகள். இரண்டு ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது நகர வேண்டிய கட்டாயம் யாருக்கோ அவர் வழிவிட வேண்டியிருக்கும் என்ற ஒரு பாடத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் எத்தனையோ காய் மாற்றங்களை யோசிக்காமல் செய்யலாம், எத்தனையோ காய் மாற்றங்களைத் தவிர்க்கலாம். செந்தோசாவில் உலக சாம்பியனே அப்படிப்பட்ட ஒரு மாற்றத்தில்தான் பட்டத்தை இழந்தார். அன்று கைதட்டியபோது அதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று தெரியவில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா. ஆகவே தோற்கும் நிலையில் நொடிகள் கரையும்போது, ராஜாவைத் தவிர அவரிடம் மிஞ்சிய ஒரே சிப்பாயை எடுத்துவிடுவது அரைப்புள்ளியைக் காப்பாற்றும்.

எதிராளி ஆடும் முன்பே நம் நகர்வைப் பதிந்து வைக்கும் வசதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். லிசெஸில் அப்படிப் பதிந்த நகர்வுக்கு நேரமே கழியாது, செஸ்.காமில் பத்தில் ஒரு நொடி கழியும். ஆசை காட்டும் வசதி. நான் எதிராளி என் காயை எடுப்பார், நான் திருப்பி எடுப்பேன் என்ற இடத்தில் மட்டும் பதிகிறேன். அவர் எடுக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் என் காயே நிற்கும், நகர்வு செல்லாமல் போய்விடும், நஷ்டம் இல்லை. காலியான கட்டத்துக்கு ராணியைப் பதிந்து வைத்து இழந்த நாட்கள் உண்டு. அதை முற்றிலும் விட்டுவிட்டேன்.

தொடக்க ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டேன். வெள்ளையில் லண்டன் முறை, கறுப்பில் ராஜாவின் முன் சிப்பாய் இரண்டு கட்டம் வந்தால் காரோ-கான். பிரபலமானவை, இலவசமாகவே கற்கலாம். லண்டனில் கண்ணை மூடிக்கொண்டு அதே வரிசையில் வைத்துக்கொண்டிருந்தால் எதிராளியின் ராணி பி6க்கு வந்து பி2 சிப்பாயைத் தாக்கும். மந்திரி வெளியே போய்விட்டதால் அங்கே காவல் இருக்காது. அந்த ஒரு நகர்வை எதிர்பார்த்திருந்தால் பாதிப் பொறிகள் போயின.

இனி மனம். நோட்டின் நேரப் பத்தியைக் கூட்டிப் பார்த்தபோது நூறு தோல்விகளில் 61 இரவு பதினொரு மணிக்குப் பிறகு வந்தவை. இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகு ஆடிய மூன்றாவது ஆட்டத்தில், பத்துக்கு ஏழு முறை மறுபடி தோற்றிருக்கிறேன். கோபத்தில் எதிராளி ஏமாற்றுகிறார் என்றுகூட நம்பினேன், புகார் எழுதினேன். பின்னால் அந்த ஆட்டங்களைப் பார்த்தால் பாவம், அவரும் என்னைப் போலவே தடுமாறி ஆடியிருக்கிறார். இப்போது தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு முடிந்தது. பத்தரை மணிக்குக் கணினி அணைகிறது. தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும் திறந்து, நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகே அடுத்தது. லிசெஸ் அமைப்புகளில் ரேட்டிங் எண்களை மறைத்துவைக்க வழி இருக்கிறது, மறைத்துவிட்டேன். அந்த எண் கண்ணில் படாத முதல் வாரம் ஒரு பசிபோல் இருந்தது. பிறகு ஆட்டம் மறுபடியும் அழகாகத் தெரியத் தொடங்கியது.

வயதாகிவிட்டது, இனி வேகம் வராது என்றும் ஒரு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு 37. ஆனந்த் 2017இல் ரியாத்தில் உலக ரேபிட் (வேக செஸ்) பட்டம் வென்றபோது அவருக்கு 48. அவரோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் வயதைக் காரணம் காட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏழு மாதங்களாக ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் எண்ணைத் திறந்து பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது 1,720. பத்தாவது நகர்வில் இப்போது சராசரியாக இரண்டு நிமிடம் 34 நொடி இருக்கிறது. ஒரு நிமிட ஆட்டம் இன்னமும் எனக்கு வரவில்லை, அதன் பக்கம் போகவும் இல்லை. குதிரைகள் இரண்டும் என் ராஜாவுக்கு அருகே வந்துவிட்டால் இன்றும் கண் சிதறுகிறது. இருநூறு புதிர்களோடு அந்த வகையில் நாற்பதைச் சேர்த்திருக்கிறேன். தங்கை மகன் வந்தால் கணினியைத் திறப்பதே இல்லை. அவனும் அப்பாவும் கல்மேசையில் கடிகாரம் இல்லாமல் ஆடுகிறார்கள்.

நேற்று இரவு மூன்று ஆட்டங்கள். முதலாவது வெற்றி, அடுத்த இரண்டும் தோல்வி. மூன்றாவதில் பதினொன்றாவது நகர்வுக்கு 19 நொடி கொடுத்திருக்கிறேன், எந்த யானையை நடுவுக்குக் கொண்டுவருவது என்று. நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன். மணி பத்து இருபது.